கடல்கட்டியும் இரும்புக் கூண்டும்: சுறா உலவும் நீரில் இறங்கும் தொழில்கள்

நீருக்குள் இறங்கிப் பிழைக்கும் மனிதர் சுறாவிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளக் கண்ட வழிகள் மூன்று: மந்திரம், கூண்டு, நீரைப் பற்றிய அறிவு. முதலாவது மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போடு பிறந்து அதனோடு மறைந்தது. இரண்டாவது 1960களில் தென் ஆஸ்திரேலியக் கடலில் உருப்பெற்று, பெருவெள்ளைச் சுறாவை உலகமே திரையில் காணும்படி செய்தது. மூன்றாவது எழுத்தில் ஏறாமல், இன்றும் தூத்துக்குடியில் சங்கு குளிப்போரின் உடற்பழக்கமாக மட்டுமே வாழ்கிறது. இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், முதல் இரண்டும் பெற்ற கவனத்தில் சிறு பங்கும் மூன்றாவதற்குக் கிடைக்கவில்லை என்பது தெளிவாகும்.

இவ்வழிகளைப் பார்க்குமுன், சுறா தமிழர் வாழ்வில் எவ்வளவு கலந்தது என்பதற்கு ஒரு வட்டாரத்தைக் காட்டலாம். கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்குத் தெற்கே உள்ள சேத்தியாத்தோப்பு கடலோர ஊர் அன்று. எனினும் அவ்வூர் அணைக்கட்டைத் தாண்டும் வெள்ளாறு கிழக்கே ஓடிப் பரங்கிப்பேட்டையில்தான் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இயங்கிவருகிறது. முடசலோடை, அன்னங்கோயில் துறைகளில் இறங்கும் மீன் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வருவதால், இவ்வட்டாரத்தார் சுறாவைக் கடலில் கண்டிராவிட்டாலும் அடுப்பங்கரையில் நன்கு அறிவர்: பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுப்பது இங்கு வழக்கம். திரைப்படங்கள் அச்சத்தின் வடிவமாக நிறுத்திய சுறாவே, தமிழ்க் கடற்கரைக்குப் பின்னுள்ள ஊர்களில் தாய்மையோடு சேர்த்து எண்ணப்படுகிறது.

இந்த நெருக்கம் மிகப் பழையது. நெய்தல் நிலப் பரதவர் சுறாவின் கோட்டை, அதாவது கொம்பை, நட்டுத் தெய்வமாக வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை பதிவுசெய்துள்ளது. கோடு எனும்போது, இருபுறமும் பற்கள் அமைந்து வாள்போல் நீண்ட மூக்குடைய வேளா மீனே முதலில் நினைவுக்கு வரும். இம்மீன் இன்று இந்தியக் கரைகளில் காண்பதற்கே அரிதாகிவிட்டது.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைத்திட்டு 'பார்' எனப்படும். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. குளியாள் ஏறத்தாழ 14 முதல் 18 கிலோ எடையுள்ள கல்லில் கால்வைத்து அதன் பாரத்தால் விரைந்து கீழே இறங்குவார். அவர் அடியைத் தொட்டதும் படகில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் வாரிய குளியாள் கயிற்றைச் சுண்டியதும், பையும் ஆளும் மேலே இழுக்கப்படுவர். கயிறு பிடிக்கும் பொறுப்பை மச்சானிடமே கொடுப்பர் என்பது கடற்கரையில் வழிவழியாகச் சொல்லப்படுவது; உடன்பிறந்தவளின் தாலிக்குக் கேடு வர அவன் விடமாட்டான் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். ஒருவரின் மூச்சு மற்றொருவரின் கையில் இருக்கும் தொழிலில், பாதுகாப்பு என்பது முதலில் உறவாகவே அமைந்தது.

சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்டவர் 'கடல்கட்டி'; பரம்பரை உரிமையாக இப்பணியைச் செய்தவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டும் மந்திரக்காரர்களுக்குத் தரப்பட்டதாகவும், இரவில் திருட்டுத்தனமாக எவரும் குளிக்காதிருக்கப் பொழுது சாய்ந்ததும் மந்திரக்கட்டு அவிழ்க்கப்பட்டதாகவும் எழுதியுள்ளார். பின்னாளில் இலங்கையின் பிரித்தானிய அரசும் இவர்களுக்கு ஊதியம் கொடுத்தது. கடல்கட்டி கரையில் இல்லாவிடில் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்ததே அதற்குக் காரணம். 1890இல் தூத்துக்குடிச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், ஒருவரைச் சுறா கடித்தபோது, குளியாட்கள் மந்திரம் அறிந்த ஒரு மூதாட்டியை அமர்த்திய பிறகே அச்சம் தணிந்தது என்றும், மேலும் சிலர் கடிபட்டதால் காற்றும் நீரும் விலையும் சாதகமாக இருந்தும் குளிப்பு கைவிடப்பட்டது என்றும் இக்குளிப்பைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் குறித்துள்ளார். பல நூறு பேர் ஒருங்கே குதிக்கும் ஓசையே சுறாக்களை விலக்கியது என்று அக்காலத்தில் எழுதியோர் பலர் கருதினர். எதுவாயினும், கடல்கட்டி காத்தது குளியாளின் மனத்தை. மனம் பதறினால் மூச்சு குறையும், மூச்சு குறைந்தால் உயிருக்கே கேடு என்பதால், அதுவும் சிறிய உதவி அன்று.

கூண்டின் வரலாறு இதற்கு முற்றிலும் வேறான கரையில் தொடங்குகிறது. 1963 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடற்கரையில் ஈட்டியால் மீன் குத்தும் போட்டியில் இருந்த ராட்னி ஃபாக்ஸ் என்பவரைப் பெருவெள்ளைச் சுறா கவ்வியது. நூற்றுக்கணக்கான தையல்களுடன் உயிர்பிழைத்த அவர், தம்மைக் கடித்த விலங்கை அஞ்சி ஒதுங்காமல் அறிய முற்பட்டார். விலங்குக்காட்சிச் சாலையில் சிங்கத்தைக் கம்பிகளுக்கு அப்பால் கண்டபோது, மனிதன் உள்ளேயும் விலங்கு வெளியேயும் இருக்கும் கூண்டைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1965இல் ரான் டெய்லர் முதலானோருடன் அவர் நடத்திய பயணத்தில், கூண்டிலிருந்து பெருவெள்ளைச் சுறா நீருக்கடியில் படமாக்கப்பட்டது.

கூண்டில் இறங்கும் தொழில் அன்றுமுதல் ஏறத்தாழ ஒரே முறையில் நடக்கிறது. மீன்குருதியும் எண்ணெயும் நீரில் ஊற்றப்பட, அவ்வாடையைத் தொடர்ந்து சுறா படகை நெருங்கும். மிதவைகள் பூட்டிய எஃகுக் கூண்டு படகோடு பிணைக்கப்பட்டிருக்க, உள்ளே நிற்பவர்க்குக் காற்று குழாய்வழியே வரும். சுறா சில வேளை கம்பியையே கடிப்பதைச் சீற்றம் எனக் கருதுவது பிழை. அதன் மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகள் இரையின் உடலில் எழும் மெல்லிய மின்புலத்தை உணரவல்லவை. உப்புநீரில் உலோகமும் மின்புலத்தை உண்டாக்குவதால், கடைசிக் கணத்தில் அவ்வுணர்வை நம்பி வாயைத் திறக்கும் சுறா இரும்பை இரையென எண்ணிவிடுகிறது. பின்னோக்கி நீந்தும் திறன் அதற்கு இல்லாமையால், இடுக்கில் தலை சிக்கினால் முன்னோக்கியே முட்டும். கம்பிகளின் இடைவெளியைக் கணக்கிட்டு அமைப்பது இருதரப்புக்கும் காப்பாகும்.

நீருக்கடியில் படமெடுப்பது தனிக் கலை. நீர் சிவப்பொளியை முதலில் விழுங்குவதால், சில மீட்டர் ஆழத்திலேயே குருதிகூடக் கருமையாகத் தோன்றும். ஒளிவிலகலால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால்பங்கு அருகிலும் இருப்பதாகத் தோன்றும். விளக்கைப் போட்டால் மிதக்கும் துகள்கள் பனித்தூறலாகப் படத்தை மறைக்கும். ஆகவே அகன்ற வில்லையுடன் விலங்கை மிக நெருங்குவதே வழி. நெருக்கமே இக்கலையின் நுட்பமும் ஆபத்தும் ஆகும். பீட்டர் கிம்பெல் இயக்கி 1971இல் வெளிவந்த 'புளூ வாட்டர், ஒயிட் டெத்' படக்குழுவினர், டர்பனுக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் திமிங்கிலத்தின் உடலைத் தின்றுகொண்டிருந்த சுறாக் கூட்டத்தின் நடுவே கூண்டைவிட்டு வெளியேறி, ஒருவர் முதுகை மற்றொருவர் காத்து நின்று படமெடுத்தனர். அங்கு அவர்களைக் காத்தவை சுறாவின் நடத்தையைப் படித்த அறிவும் தோழர்மேல் வைத்த நம்பிக்கையுமே. ஈழக் கரையில் 1956இல் மைக் வில்சன் திருக்கோணமலைச் சுவாமிமலைக்கு அடியில் மூழ்கி, கோணேசர் கோயிலின் சிதைந்த தூண்களைப் படம்பிடித்ததும் இக்கலையின் பயன்களுள் ஒன்றாகும்.

ஒளிப்படக் கருவி சுறாவுக்குத் தீமையும் செய்தது, நன்மையும் செய்தது. 1975இல் வந்த 'ஜாஸ்' திரைப்படம் சுறாவைக் கொலைகாரனாக்கியது. அப்படத்துக்கு உண்மைச் சுறாக்களைப் படமெடுத்துக் கொடுத்த ரான், வேலரி டெய்லர் இணையரே பின்னர் சுறாக்களைக் காக்கப் பாடுபட்டனர். இந்தியாவில் மைக் பாண்டே குஜராத் கடற்கரையில் திமிங்கிலச் சுறாக்கள் கொல்லப்படுவதை 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்னும் ஆவணப்படமாக எடுத்தார். அதன் தாக்கத்தால் 2001இல் அம்மீன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கண்ணால் காண்பதையே நாடு காக்க முன்வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோக, சங்குகுளிப்பு மட்டும் தொடர்கிறது. தூத்துக்குடியின் தெரேஸ்புரத்திலிருந்து புறப்படும் சங்குப் படகுகளில் மந்திரமும் இல்லை, கூண்டும் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளியும் காலத்தில், வடக்கிலிருந்து வரும் வாநீவாடு, தெற்கிலிருந்து வரும் சோநீவாடு எனப்படும் நீரோட்டங்களின் போக்கைப் பார்த்தே குளிப்புக்கு இடம் தேர்வாகும். கடையில் விற்கும் சங்குபோல் கடலடிச் சங்கு வெண்மையாக இராது. பழுப்புத் தோல் போர்த்து, மணலில் பாதி புதைந்து, ஊர்ந்த தடம் ஒன்றை மட்டும் காட்டிக் கிடக்கும். அம்மெல்லிய வரப்பைக் கலங்கலிலும் கண்டுகொள்ளும் கண்ணுக்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அக்கண்ணே சுறாவின் நிழலையும் முதலில் காண்கிறது: விரைந்து நீந்தாமல், அதற்கு முதுகு காட்டாமல், அடியையொட்டி நின்று அது கடந்துபோக விடுவதே குளியாட்களின் முறை. இவ்வாறு எடுக்கப்பட்ட சங்கு பெரும்பாலும் வங்காளத்துக்குச் சென்று, மணமான பெண்களின் வெண்வளையலாகிறது.

இன்று குளியாளை அச்சுறுத்துவது சுறாவைவிட அழுத்தமே. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் முட்டும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்து அதன் அழுத்தத்தைத் தணித்தால்தான் வேலை நடக்கும் என்பதை அறிந்த அவ்வட்டாரத்தார்க்கு, கட்டுக்குள் வைக்காத அழுத்தம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. படகில் கம்ப்ரசர் வைத்துக் குழாயில் காற்று வாங்கி நெடுநேரம் அடியில் இருப்பவரின் குருதியில் நைட்ரசன் கரைந்து சேர்கிறது. அவர் விரைந்து மேலே வந்தால் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுவலி, முடக்கம், சில வேளை சாவு வரை கொண்டுபோகிறது. மெதுவாக, இடையிடையே நின்று ஏறுவதும், நோய் கண்டவரை உடனே உயரழுத்த அறையில் வைப்பதுமே இதற்கு மருந்து. ஆழம், நேரம், ஏறும் வேகம் ஆகியவற்றின் கணக்கை முறையாகக் கற்றுத்தராமல் ஒருவரைக் கம்ப்ரசர் குழாயுடன் கடலுக்குள் அனுப்புவது, கயிறு பிடிக்க ஆளில்லாமல் அவரை இறக்குவதற்கு ஒப்பாகும்.

சுறாவைக் காண வருவோர்க்குக் கூண்டைக் கட்டித் தந்த உலகம், சுறா உலவும் நீரில் நாள்தோறும் வேலை செய்வோர்க்கு அதனினும் எளிய காப்புகளை மறுப்பது முறையன்று. சங்குகுளிப்போர் அனைவருக்கும் மூழ்குபயிற்சியும் காப்பீடும், தூத்துக்குடிக் கரையிலேயே அவர்கள் தடையின்றி அணுகக்கூடிய உயரழுத்த அறையும் அரசின் உடனடிக் கடமைகள். நீருக்கடியில் படமெடுக்கும் தமிழ் இளைஞர்கள் தங்கள் கருவியை ஒருமுறை இக்குளியாட்களின் பக்கம் திருப்பட்டும். இவர்களின் அறிவு பதிவாகாமல் மறையுமானால் அதை மீட்டுத்தர எந்த நூலும் இல்லை.