பத்துக்கு நாற்பத்தொன்று

நாமக்கல்லுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதுதான் வழக்கம். ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலையும், அதன் உச்சியிலுள்ள கோட்டையும், மேலே கூரையில்லாமல் வெயிலையும் மழையையும் ஏற்று நிற்கும் ஆஞ்சநேயரும் அவ்வாறு பார்க்கத் தக்கவைதாம். நானோ, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன அந்த ஊரில் ஒரு பகல் முழுவதும் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிகளின் பின் அச்சுக்குள் ஒளிந்து வேலை செய்யும் கிரவுன், பினியன் என்னும் இரண்டு பல்சக்கரங்களை அறிய வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

பட்டறை என்பது நான்கு தகரங்களும் ஒரு வேப்பமரமும்தான். அறுபதை எட்டிய மேஸ்திரி ஒருவர், அவருக்குக் கையாளாக இரண்டு பையன்கள். உள்ளே நுழைந்ததும் என் மூக்கை வரவேற்றது கந்தக வாசனை. பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக நில்லாமல் சற்றுக் கீழே தாழ்ந்து நிற்பதால், அவற்றின் வளைந்த பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த உராய்வில் சாதாரண எண்ணெய் தாக்குப்பிடிக்காது. அதற்கென்று சேர்க்கும் கந்தகச் சரக்கின் வாசனைதான் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பலகைமேல் ஒரு ஜோடி இருந்தது. பினியனில் 10 பற்கள், கிரவுனில் 41. பினியன் நாலு சுற்றும் சொச்சமும் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. விகிதம் 4.10. கடைக்காரரும் மெக்கானிக்கும் இந்தத் தசமத்தைச் சொல்வதில்லை. “பத்துக்கு நாற்பத்தொண்ணு” என்று பற்களின் கணக்காகவே பேசிக்கொள்கிறார்கள்.

“நாற்பதாக இருந்தால் கணக்குச் சுலபமாக இருக்குமே, மேஸ்திரி?” என்று கேட்டுவைத்தேன்.

“பத்துக்கு நாப்பதுன்னா, ஒரு பல்லு திரும்பத் திரும்ப அதே நாலு பல்லோடவே மோதுமுங்க. அதுல ஒரு குத்தம் இருந்தா அந்த நாலும் வீணாப் போயிரும். நாப்பத்தொண்ணுன்னா எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடயும் பழகியாகணும்” என்றார் அவர். கிரவுன் பத்துச் சுற்று முடித்த பிறகுதான் பழைய ஜோடி மறுபடியும் சந்திக்கும் என்பதையும், அதனால் தேய்மானம் எல்லோருக்கும் சமமாகப் பங்காகிறது என்பதையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகே நான் ஒப்புக்கொண்டேன்.

அந்த ஜோடியைப் பொருத்தும் வேலை பொறுமைக்கு வைத்த பரீட்சை. கிரவுனின் சில பற்களில் நீலத்தைப் பூசிப் பினியனைச் சுற்றினால், பல்லும் பல்லும் தொட்ட இடத்தில் நீலம் துடைபட்டு ஒரு தடம் தெரிகிறது. அந்தத் தடம் பல்லின் நடுவே விழ வேண்டும். வேரை நோக்கி ஒதுங்கினால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது. நுனியை நோக்கி ஏறினால் போதிய அளவு போகவில்லை. காகிதம் போன்ற ஷிம் தகடு ஒன்றைச் சேர்த்தோ எடுத்தோ அதைத் திருத்த வேண்டும். இரண்டு பற்களுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்களவே ஆட்டம் இருக்கலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பேரிங்கைக் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும். என் கண்முன் மூன்று முறை ஏற்றி மூன்று முறையும் இறக்கிய அந்தப் பையன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அவசரப்பட்டு மூடினால் என்ன ஆகும் என்றேன். “ரோட்டுல போறப்ப ஹவுசிங்கு கத்தும். அப்புறம் ஓனர் வந்து கத்துவாரு” என்றான்.

நாலாவது தடவை ஏற்றிக்கொண்டிருக்கையில், கொல்லிமலையிலிருந்து அன்னாசியும் மிளகும் ஏற்றி இறக்கும் பிக்கப் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அதன் உரிமையாளரான இளைஞர் குறையைச் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

“பேருதானுங்க பிக்கப்பு, பிக்கப்பே இல்ல. எழுபது கொண்டை ஊசி வளைவுலயும் திணறுது. மைலேஜும் விழுந்துபோச்சு. எட்டுக்கு முப்பத்தொம்பது போட்டா மலை இழுக்கும்னு சொல்றாங்க. போட்டுக் குடுத்துருங்க மேஸ்திரி.”

மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பு ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். தூக்கிய சக்கரத்தைப் பையன் இரண்டு சுற்றுச் சுற்றினான். மற்றது அசையாமல் நிற்கும்போது, ஒரு சக்கரத்தின் இரண்டு சுற்று கிரவுனுக்கு ஒரே சுற்றுதான். கோடு நாலு சுற்று வந்து, மேலும் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

“பத்துக்கு நாப்பத்தொண்ணுதான். கம்பெனி போட்டது அப்படியேதான் இருக்குது” என்ற மேஸ்திரி, இளைஞரின் பக்கம் திரும்பினார். “வாரத்துல எத்தனை நாள் மலை ஏறுறீங்க தம்பி?”

“ரெண்டு நாளுங்க. பாக்கி நாளெல்லாம் சேலம், திருச்சி லோடு.”

விகிதத்தின் சூட்சுமம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பதை மேஸ்திரி அடுத்துச் சொன்ன கணக்கிலிருந்து உணர்ந்தேன். கிரவுனும் பினியனும் சக்தியை உண்டாக்குவதில்லை. வேகத்தை வாங்கிக்கொண்டு இழுவையைக் கொடுக்கும் பண்டமாற்றைத்தான் செய்கின்றன. முதல் கியரின் உதவியை மலை ஏறியதும் விட்டுவிடலாம். அச்சின் விகிதமோ எல்லாக் கியரோடும் பெருகி, இறக்கத்திலும், சமவெளியிலும், வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் கூடவே வரும். 70 சென்டிமீட்டர் உயரமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 455 முறை சுற்றும். ஆகையால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், கியர்ப்பெட்டி கூட்டாமலும் குறைக்காமலும் அனுப்பும் நேர் கியரில், 10-க்கு 41 உள்ள வண்டியின் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 1,865 முறை சுழல்கிறது. 8-க்கு 39 போட்டால் விகிதம் 4.875 ஆகி, இழுவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் அதே சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் 2,215 முறைக்கு மேல் சுழன்றாக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மலைக்காக, மற்ற நாட்களெல்லாம் டீசலாக அபராதம் கட்டுவது புத்திசாலித்தனமா என்பதுதான் மேஸ்திரியின் கேள்விக்குப் பொருள்.

“அப்ப முன்னெல்லாம் நல்லா இழுத்த வண்டி இப்ப எப்படிங்க திணறும்?” என்று இளைஞர் விடாமல் கேட்டார்.

மேஸ்திரி டேப்பை எடுத்து டயரின் உயரத்தை அளந்தார். 77 சென்டிமீட்டர்.

“இது வண்டியோட வந்த டயரா?”

இளைஞர் சற்றுத் தயங்கினார். தீபாவளிக்கு முன்பு, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று ரிம்மோடு சேர்த்துப் பெரிதாக மாற்றியதாக ஒப்புக்கொண்டார். பழைய டயரின் உயரம் 70. பத்தில் ஒரு பங்கு உயர்ந்துவிட்ட சக்கரம், பினியனில் ஒரு பல்லைக் கூட்டியதற்குச் சமானமான காரியத்தைச் செய்திருக்கிறது. வண்டி பெயரளவில் 10-க்கு 41 ஆக இருந்துகொண்டே, நடப்பில் 11-க்கு 41 ஆக, அதாவது 3.73 ஆக, ஓடிக்கொண்டிருந்தது. மைலேஜ் விழுந்ததிலும் பாதி மாயை கலந்திருந்தது. சக்கரத்தின் சுற்றை எண்ணிக் கணக்குச் சொல்லும் மீட்டர், 110 கிலோமீட்டர் ஓடியதை 100 என்றே காட்டிவந்தது. வேகமும் அப்படித்தான்: முள் 60-ல் நின்றபோது வண்டி 66-ல் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவையும் மேஸ்திரி என்னிடம் சொன்னது போல் விஸ்தாரமாக அவரிடம் சொல்லவில்லை. புதிய ஜோடி ஒன்றை விற்று, இரண்டு நாள் கூலியையும் வாங்கிக்கொள்ளக்கூடிய சந்தர்ப்பம் தம் வாசலில் வந்து நிற்பதை அவர் அறியாதவரும் அல்லர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“பழைய டயரை வித்துட்டீங்களா?”

“இல்லீங்க. கொட்டாயில கோழி அடையுது அதுக்குள்ள.”

“கோழியை வெரட்டிட்டு எடுத்து மாட்டுங்க தம்பி. அதுதான் உங்க கிரவுன் பினியன்.”

பையன் நாலாவது முறையாக நீலத்தைத் தொட்டுப் பல்லில் பூசத் தொடங்கினான்.