32 கோர், ஒரு கடல்

அட்வான்டெக் நிறுவனத்தின் டிஎஸ்பிசி-8681 என்ற கார்ட் ஒன்று உவர்மலையில் எங்கட அறைக் கணினிக்குள் இருக்கிறது. கழித்துவிட்ட சேர்வர் சாமான்களோடு கொழும்பிலிருந்து வந்தது. ஒரு பழைய போனின் விலைதான். அந்த அரை நீளப் பலகையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி6678 சிப் நாலு இருக்கு. சிப்புக்கு எட்டுக் கோர், மொத்தம் 32. பார்க்க வந்த எல்லாரும் முதலில் கேட்டது, "இதில கேம் விளையாடலாமா?" ஏலாது. மொனிட்டர் வயர் செருகவே அதில் இடமில்லை. ஒலி, ரேடியோ, ராடார் என்று ஓடிக்கொண்டே இருக்கிற சிக்னலை எண்களாக வாங்கி, பெருக்கிக் கூட்டி, திருப்பித் தருவதுதான் அதன் தொழில்.

இந்தச் சிப்பை 2010 நவம்பரில் அறிவித்தார்கள். 1 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு கோர் செக்கனுக்கு 1600 கோடி தசமக் கணக்குப் போடும் என்பது கடதாசிக் கணக்கு. முழுக் கார்டுக்கும் 51,200 கோடி. பிறகு இந்த வேலையில் பெரும்பகுதியை கிராபிக்ஸ் கார்ட்கள் எடுத்துக்கொண்டன. அதனால்தான் இது எங்கட கைக்கு எட்டிய விலைக்கு வந்தது.

எங்களுக்கு இது எதுக்கு என்று கேட்டால், கடலுக்கு.

திருகோணமலையில் ஆழம் கரைக்குக் கிட்டவே தொடங்கும். கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு பள்ளத்தாக்கு கடலடியில் இறங்கிப் போகிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்ட வருகின்றன. கோணேசர் கோயில் மலையில் நின்று அவை நீர் ஊதுவதைப் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர். குரலைக் கேட்டவர்கள் இல்லை. 1982 முதல் 1984 வரை டியூலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இலங்கையைச் சுற்றித் திமிங்கிலங்களைப் படித்தார்கள். இந்தக் கடலின் நீலத் திமிங்கிலம் அப்போதுதான் திருகோணமலைக்கு வெளியே பதிவானது. இன்றைக்கு உலக ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பாட்டுக்கு "இலங்கை வகை" என்றே பெயர். அணுகுண்டுச் சோதனையைக் கண்டுபிடிக்க தியாகோ கார்சியாவுக்குப் பக்கத்தில் கடலுக்குள் வைத்த மைக்குகளிலும் அது விழுகிறது. அவ்வளவு தூரத்தில் கேட்கிற சத்தம், அது பாடுகிற கரையில் இருக்கிற எங்களுக்குக் கேட்டதில்லை. இது எங்களுக்குக் கொஞ்சம் ரோஷமான விஷயம்.

மட்டக்களப்புக்காரருக்கு இந்தக் குறை கிடையாது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுறதைக் கேட்பார்கள். எங்கட துடுப்பு ஒரு பீசோ வட்டு. அதைப் பிசினுக்குள் வார்த்து, ஒரு சின்ன அம்பிளிஃபயரோடு உப்புவெளிப் படகிலிருந்து இறக்குகிறோம். உள்துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறபடியால் அங்கே மைக் இறக்கிற யோசனைக்கே இடமில்லை.

சிக்கல் எங்கே என்றால், இந்தத் திமிங்கிலத்தின் பாட்டில் நீளமான பகுதி 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ அரை நிமிடம் ஒரே சுருதியில் இழுபடும். எங்கட வீட்டுக் கரண்டின் அதிர்வு 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு சரியாக 100. கப்பல் ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் 60, இரட்டிப்பு 120. சீனக்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வருகிற நாளில் திமிங்கிலமும் கப்பலும் வீட்டு இன்வெர்ட்டரும் ஒரே சந்தியில் நிற்கும். பிரித்துப் பார்க்கிற கணக்கில் பிழை இருந்தால் பக்கத்து வீட்டு பம்புக்குத் திமிங்கிலம் என்று பெயர் வைத்து ஊரெல்லாம் பகிர்ந்துவிடலாம். அதனால் பதிவைக் கொடுக்க முதல் கார்டைச் சோதிப்பது என்று முடிவெடுத்தோம். மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் அதற்கே போனது.

கார்டைப் பூட்டியதும் முதல் வேலை, லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை. நாலு சிப்பும் தனித்தனி வரியாக, டெக்சாஸின் அடையாள எண்ணான 104சி-யோடு வரவேணும். வந்தது. லினக்ஸ் அவற்றை "மல்டிமீடியா கன்ட்ரோலர்" என்று சொல்லும். பயப்பட வேண்டாம், அது வெறும் வகைப் பெயர்.

அடுத்தது டிரைவர். இந்தத் தலைமுறைக் கார்ட்களுக்கான மென்பொருள் உபுண்டு 12.04 காலத்துக் கேர்னல்களுக்கு எழுதப்பட்டது. கேர்னல் உள்ளே மாறிக்கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, பழைய டிரைவர்கள் பல நம்பியிருந்த "ஐஓரீமேப் நோகேஷ்" என்ற அழைப்பு 5.6இல் நீக்கப்பட்டது. (இதே சிப் குடும்பத்தின் மேல் லினக்ஸையே ஓட்டுகிற வசதியும் கேர்னலில் இருந்தது. 2021இல், 5.12இல், அதையும் எடுத்துவிட்டார்கள்.) எங்களுக்கு இரண்டு வழி: பழைய உபுண்டுவைத் தனி டிஸ்கில் போட்டு இணையத் தொடர்பில்லாமல் வைத்திருப்பது, அல்லது டிரைவரே இல்லாமல் கார்டின் நினைவகத்தை நேரடியாகத் திறப்பது. இரண்டாவதை எடுத்தோம். ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் நினைவகச் சன்னல்களையும் லினக்ஸ் சாதாரணக் கோப்பு மாதிரி சிஸ்எஃப்எஸ் அடைவில் காட்டும். ரூட் அனுமதியோடு அந்தக் கோப்பை எம்மேப் செய்தால் எங்கட புரோகிராம் எழுதுகிற எண் நேரே சிப்புக்குள் போய் விழும். வேகம் குறைவு. ஆனால் என்ன நடக்குது என்று ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும், படிக்கிறவனுக்கு அதுதானே வேணும்.

சிப்பை எழுப்புகிற முறை எங்களுக்கு நல்லாப் பிடித்தது. கார்டில் கரண்ட் வந்ததும் கோர் 0 ஒன்றும் செய்யாமல் காத்துக்கொண்டிருக்கும். நாங்கள் அதன் 512 கிலோபைட் உள்நினைவகத்தில் புரோகிராமை எழுதிவைத்து, அந்த நினைவகத்தின் கடைசிச் சொல்லில் தொடக்க விலாசத்தைப் போட்டு, ஒரு இன்டரப்ட் தட்டவேணும். உடனே எழும்பி அந்த விலாசத்துக்குப் பாயும். மற்ற ஏழையும் அது எழுப்பிவிடும். முதலில் அனுப்புவது டிடிஆர் நினைவகத்தைத் தயார்படுத்துகிற சின்னப் புரோகிராம். அதற்குப் பிறகுதான் பெரியது.

சோதனையில் முதல் கட்டம் அலுப்பானது: ஒவ்வொரு கோரின் நினைவகத்திலும் தெரிந்த எண்களை எழுதித் திருப்பி வாசிப்பது. இரண்டாவது கட்டத்தில் 32 கோரும் தன் எண்ணைத் தானே எழுதி "வந்திட்டன்" என்று சொல்லவேணும். இங்கே இந்தச் சிப்பின் குணம் ஒன்று தெரிந்திருக்கவேணும். கோர் எழுதுகிற விடை முதலில் அதன் சொந்தக் கேஷில் நிற்கும். கொப்பியில் விடை எழுதிவிட்டுக் கரும்பலகையில் எழுதாத பிள்ளை மாதிரி. கேஷைக் கழுவி டிடிஆருக்குத் தள்ளு என்று புரோகிராமே சொல்லாவிட்டால், கணினி வாசிப்பது பழைய எண்ணாக இருக்கும். கணக்குச் சரி, விடை மட்டும் பழசு. இப்படி வருகிற பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னமும் விடைப் பகுதியை அபத்தமான ஒரு எண்ணால் நிரப்பிவிடுவது.

மூன்றாவது, தெரிந்த ஒலி. இரைச்சலுக்குள் 100, 105, 120 ஹெர்ட்ஸ் மூன்றையும் நாங்களே கலந்து கொடுத்தோம். செக்கனுக்கு 2000 மாதிரி, 4096 புள்ளி எஃப்எஃப்டி. கோடுகளுக்கிடையே அரை ஹெர்ட்ஸ் இடைவெளி கிடைக்கும், ஒரு துண்டு ஏறத்தாழ இரண்டு செக்கன். அதே தரவைச் சாதாரண சிபியுவிலும் நம்பையால் ஓட்டி, இரண்டு விடையையும் எண்ணுக்கு எண் ஒப்பிட்டோம். கடைசித் தசமங்களில்தான் வித்தியாசம் வரலாம். நாலு சிப்பும் ஒரே விடை தந்த இரவு பிளேன்ரீயோடு கொண்டாடினோம்.

நாலாவது வெக்கை. இந்தக் கார்ட் சேர்வர் அறையின் குளிர்காற்றுக்காகச் செய்தது. எங்கட அறையில் மத்தியானம் 34 பாகை. மேசை விசிறியின் சட்டத்தைக் கழற்றிக் கேசிங் பக்கத்தில் கட்டி, ஆறு மணி நேரம் ஒரே கணக்கைத் திருப்பித் திருப்பி ஓட்டி, ஒரு விடையாவது மாறுதா என்று பார்த்தோம். 2022இல், 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களில், இப்படி ஒரு டெஸ்ட்டை நினைத்தும் பார்த்திருக்க ஏலாது.

உண்மையைச் சொன்னால், ஒரு மைக்குக்கு 32 கோர் தேவையே இல்லை. ஒரு எஃப்எஃப்டி இரண்டரை லட்சம் கணக்குக்குள் முடியும், லாப்டொப்புக்கே அது தூசு. பல மைக்குகளைச் சேர்த்துச் சத்தம் எந்தத் திசையில் என்று தேடும்போதும், மாதக்கணக்கான பதிவுகளை ஒரேயடியாக அலசும்போதும்தான் கார்டுக்கு வேலை வரும். அந்த நாளுக்கு இன்னும் மூன்று மைக் வார்க்கவேணும்.

இப்போதைக்கு உப்புவெளியில் ஒரு விடியற்காலை, எஞ்சினை நிறுத்திவிட்டு எடுத்த 40 நிமிடப் பதிவு ஒன்று கார்டுக்குள் போனது. 120இல் முழு நேரமும் அசையாத ஒரு கோடு: கப்பல். 100இல் ஒன்றும் இல்லை, படகில் வீட்டுக் கரண்ட் இல்லைத்தானே. இரண்டுக்கும் நடுவில், மங்கலாக, 13 துண்டுகளுக்குத் தொடர்ந்து ஒரு கோடு வந்து நின்றது. சில நிமிடம் கழித்துத் திரும்பவும். கோப்பில் அதற்கு "கோடு இல. 2" என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பெயர்தான்.

எட்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, எங்களைக் கூட்டிப்போன படகுக்கார ஐயாவுக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினோம். இரண்டு தரம் கேட்டார். "உது எஞ்சின் இல்லத் தம்பியவை," என்றார். "எஞ்சின் எண்டால் மூச்சு விடாது. ஞாயிறு காத்து விழுந்தால் இன்னும் கொஞ்சம் வெளிய போவம்."