வண்டி தூங்கிடும்... டிரைவர்?

ஹாலிவுட் படங்கள்ல பார்த்திருப்பீங்க. பஸ் சைஸுக்கு ஒரு வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். பேரு ஆர்.வி. ரிட்டையர் ஆன தாத்தா-பாட்டிகள் வீட்டைப் பூட்டிட்டு அதுல ஏறி மாசக்கணக்கா ஊர் சுத்துவாங்க. அவங்களுக்கு தினமும் சாயங்காலம் ஒரே ஒரு கவலைதான்: 'இன்னிக்கு ராத்திரி காசு குடுக்காம வண்டியை எங்கே போடறது?' பல வால்மார்ட் கடைகள்ல மேனேஜர்கிட்ட கேட்டா, ஒரு ராத்திரிக்கு 'சரி'ம்பாங்களாம். அரசாங்கப் பொட்டல் நிலங்கள்ல பொதுவா 14 நாள் வரைக்கும் இலவசமா டேரா போடலாம்.

அடப்போங்க பாஸ்! கார்த்திகை பொறந்தா எங்க ஸ்ரீரங்கத்துக்கு வந்து பாருங்க. ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து ஐயப்ப சாமிகள் வர்ற பஸ்ஸெல்லாம் நம்ம ஊர் ஆர்.வி-தான். டாப்புல அண்டா, டிக்கியில கேஸ் அடுப்பு, கூடவே சமையல்காரர். பஸ் ஜன்னலுக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவுல கயிறு கட்டி, கறுப்பு வேட்டி காயும். ராத்திரி எட்டு மணிக்கு அங்கே கொதிக்கிற ரசத்தோட வாசனை இருக்கே... ஹாஸ்டல் மெஸ்ல சாப்பிடற ஜீவன்கள் அந்தப் பக்கம் போகாம இருக்கறது உடம்புக்கு நல்லது.

எனக்கு இந்த விஷயமெல்லாம் எப்படித் தெரியும்னா, எங்கப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டறவர். செமஸ்டர் லீவுல மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மாணவன்ங்கற பந்தாவையெல்லாம் வீட்டுல கழட்டி வெச்சுட்டு, அவர் கூட கிளீனரா போயிடுவேன். நவக்கிரகம், ராமேஸ்வரம், திவ்யதேசம்னு எல்லா ரூட்டும் அத்துப்படி. கோயில்களைவிட, கோயிலுக்கு வெளியில வண்டி போடற இடங்கள் இன்னும் நல்லா தெரியும்!

ராத்திரி வண்டி போட இடம் தேடறது ஒரு தனி சப்ஜெக்ட். நாலு வருஷ சிலபஸ்ல இல்லாத சப்ஜெக்ட். முதல்ல தரை சமமா இருக்கணும். கொஞ்சம் சரிஞ்சிருந்தாலும் சீட்டுல படுக்கறவன் விடிய விடிய உருண்டுட்டே இருப்பான். வண்டியோட மூஞ்சி ரோட்டைப் பார்த்து இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது 'எடு, எடு'ன்னா ரிவர்ஸ் எடுத்துட்டு இருக்க முடியாது. (ஒரு ஊர்ல, ஊர் பேர் வேண்டாம், அப்படித்தான் தடியால கண்ணாடியைத் தட்டி எழுப்பி, நாலு தெரு மாத்தினாங்க.) தென்னை மரத்தடி ஆகவே ஆகாது, ஒரு தேங்காய், ஒரு கண்ணாடி, ஒரு ட்ரிப் வருமானம் காலி. விடிய விடிய லைட் எரியற டீக்கடை கூப்பிடு தூரத்துல இருந்தா அது சொர்க்கம். யாருமே இல்லாத காலி மைதானமா இருந்தாலும், பக்கத்து வாட்ச்மேனைத் தேடிப் பிடிச்சு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போடுவார் அப்பா. "கேட்டுட்டுப் போட்டா விருந்தாளி, கேக்காமப் போட்டா திருடன்டா"ம்பார்.

பெட்ரோல் பங்க் இன்னொரு நல்ல இடம். சாயங்காலமே டீசல் போட்டுடாம, ராத்திரி தங்கப்போற பங்க்ல போடறதுதான் தொழில் ரகசியம். டீசல் போட்ட கஸ்டமரை யாரும் விரட்ட மாட்டாங்க இல்லையா? குடிதண்ணி, காத்து, டாய்லெட் மூணும் பங்க்ல இலவசமா இருக்கணும்ங்கறது எண்ணெய் நிறுவனங்களோட விதி. ஹைவே ஓரத்துல மட்டும் போடவே கூடாது. மத்தவங்களுக்கு ஆபத்தா வண்டியை ரோட்டுல விட்டுட்டுப் போறது மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவுப்படி தப்பு. சட்டம் கிடக்கட்டும், நின்னுட்டிருந்த லாரியில பின்னாடி வந்து மோதின செய்தி இல்லாத பேப்பரை நீங்க பார்த்திருக்கீங்களா?

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். ஊரே ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவுல ஏழு மதில்களோட ரங்கநாதர். சித்திரை வீதிக்குள்ள ராத்திரி வேனை நிறுத்த நினைக்கறவங்களுக்கு ஊர் பழக்கமில்லைன்னு அர்த்தம். அம்மா மண்டபம் பக்கம் படித்துறை இருக்கு, காலையில குளிக்க வசதி. ஆனா அமாவாசைக்கு முதல் ராத்திரி அங்கே போட்டுடாதீங்க. தர்ப்பணத்துக்கு வர்ற கூட்டம் இருட்டோட இருட்டா வந்து வண்டியைச் சுத்தி வளைச்சிடும். வடக்குப் பக்கம் பஞ்சக்கரை ரோடு விசாலம். 2014-ல திறந்த யாத்ரி நிவாஸும் அங்கேதான். கொள்ளிடக் காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும், கூடவே கொசுவும். வைகுண்ட ஏகாதசின்னா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. போலீஸ் கை காட்டற இடம்தான் பார்க்கிங். ஆத்து மணல்ல இறக்கிப் போடற புத்திசாலிங்களும் உண்டு. 2018 ஆகஸ்ட்டுல மேட்டூர்ல திறந்துவிட்ட தண்ணியில, 1928-ல கட்டின கொள்ளிடம் பழைய பாலத்தோட தூண்களே சாய்ஞ்சு விழுந்துச்சு. அந்த ஆத்துக்கு வேன் எந்த மூலைக்கு?

ஆக, வண்டிக்கு இடம் எப்படியும் கிடைச்சிடும். இத்தனை வருஷத்துல எங்கப்பா வேனுக்கு ராத்திரி இடம் கிடைக்காம போனதே இல்லை. நான் சொல்ல வந்தது வேற. பாசஞ்சர்கள் எல்லாம் ரூமுக்குப் போனப்புறம் வேனோட கடைசி சீட்டுல, காலை ஜன்னல் வழியா வெளியே நீட்டிக்கிட்டுப் படுக்கற மனுஷன் இருக்காரே, அவருக்கு இடம்?

நாம தினமும் 'சத்திரம் பஸ் ஸ்டாண்ட்'ல ஏறி இறங்கறோம். சத்திரம்னா வழிப்போக்கர்கள் காசில்லாம தங்கிட்டுப் போற இடம்னு எத்தனை பேருக்கு ஞாபகம் வருது? 17-ஆம் நூற்றாண்டோட கடைசியில இந்தத் திருச்சியைத் தலைநகரா வெச்சு ஆட்சி செஞ்ச ராணி மங்கம்மாள், ரோடு போட்டதுக்கும் சத்திரம் கட்டினதுக்கும்தான் இன்னிக்கும் பேசப்படறாங்க. மதுரை ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல அவங்க பேர்ல சத்திரம் இருக்கு. ஒரத்தநாட்டுல தஞ்சை மன்னர் சரபோஜி கட்டினது இன்னொண்ணு. தலைச்சுமையை இறக்கி வைக்க வழியெல்லாம் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர் இது. வண்டியில வந்தவங்களுக்கு மட்டும் இல்லை, வண்டி ஓட்டினவனுக்கும் திண்ணையில இடம் இருந்துச்சு. இப்ப லாட்ஜ் வாசல்ல 'கார் பார்க்கிங் இலவசம்'னு கொட்டை எழுத்துல போர்டு இருக்கும். அதே லாட்ஜுல டிரைவர் பாத்ரூம் கேட்டா, பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்கு வழி சொல்வாங்க!

'ஒரு ராத்திரி தூக்கம்தானே'ன்னு நினைக்காதீங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கறவனோட சுறுசுறுப்பு, ரத்தத்துல 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருக்கறவனோட சுறுசுறுப்புக்கு சமம்னு 1990-கள்லயே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க. நம்ம நாட்டுல சட்டப்படி அனுமதி 0.03 சதவிகிதம். அதாவது, ஒரு சொட்டு குடிக்காமலே டிரைவர் லிமிட்டைத் தாண்டிடுவார். எந்த போலீஸ் ஊதச் சொன்னாலும் தெரியாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு 1961-லயே ஒண்ணு வந்தாச்சு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலைன்னு அப்பவே சொல்லுச்சு. 'விடியக்காலம் சுப்ரபாதத்துக்கு ஸ்ரீரங்கம், மத்தியானம் கும்பகோணம், சாயங்காலம் திருநள்ளாறு, ராத்திரியே வேளாங்கண்ணி போயிடலாம்ல டிரைவர்?'னு கேக்கற மாமாக்கள்கிட்ட யார் போய் அதைப் படிச்சுக் காட்டறது?

கொசு, புழுக்கம் தாங்காம இன்ஜினை ஓட விட்டு ஏ.சி. போட்டுத் தூங்கறவங்களும் இருக்காங்க. அது இன்னும் மோசம். 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கத்துல ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஏ.சி-க்காக ஓடின ஜெனரேட்டரோட கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம்னு கோழிக்கோடு என்.ஐ.டி. குழு சோதனை செஞ்சு சொல்லுச்சு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தெர்மல் இன்ஜினீயரிங் புத்தகத்துல ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணின வாயு, அந்தச் செய்தியைப் படிச்சப்ப முதல் தடவையா வயித்தைக் கலக்குச்சு. அன்னிக்கு ராத்திரியே அப்பாவுக்கு போன் போட்டேன். "ஏ.சி-யா? உங்கப்பன் வேன்ல ஃபேனே ஓடாதேடா"ன்னு சிரிச்சார்.

நல்ல சேதியும் ஒண்ணு இருக்கு. 2023-ல தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல், லாட்ஜுகள்ல தங்க வர்றவங்களோட டிரைவர்களுக்குப் படுக்கையும் டாய்லெட்டும் இருக்கணும்னு சொல்லியிருக்கு. எத்தனை பேருக்குத் தெரியும்? டிரைவர்கள்ல நான் கேட்ட முக்கால்வாசிப் பேருக்குத் தெரியலை. ரூம் புக் பண்றவங்க கேட்டாத்தான் அது கிடைக்கும். டிரைவர் போய்க் கேட்டா, "ஓனர்கிட்ட பேசுங்க"ன்னு அனுப்பிடுவாங்க.

ரூம் புக் பண்றது யாரு? சாட்சாத் நீங்களும் நானும்தான் மக்கா! ஐ.வி.னு சொல்லிட்டு ஊட்டிக்கும் மூணாறுக்கும் போறோமே, அந்த 'இண்டஸ்ட்ரியல் விசிட்'. (இண்டஸ்ட்ரி அரை மணி நேரம், விசிட் மூணு நாள்.) ராத்திரி கேம்ப் ஃபயர் முடிய ஒரு மணி. காலையில அஞ்சு மணிக்கு சன்ரைஸ் பாயின்ட். நடுவுல அந்த பஸ் அண்ணன் எங்கே படுத்தார்னு உங்க க்ளாஸ்ல யாருக்காவது தெரியுமா? கொண்டை ஊசி வளைவுல நம்ம 50 உயிரும் அவர் கையிலதான்.

இந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட் ஐ.வி-க்கு நான்தான் ரூம் போட்டேன். போன்ல ரேட் பேசி முடிச்சுட்டு, "டிரைவர், கிளீனர் படுக்க இடம் இருக்கா சார்?"னு கேட்டேன். எதிர்முனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஸ்டூடன்ட்ஸ்தானே தம்பி பேசறது?"ன்னார். அப்புறம், "ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல ஒண்ணு இருக்கு"ன்னார். "ஜெனரேட்டர் பக்கத்துலன்னா வேண்டாம் சார், வேற குடுங்க"ன்னேன். கடைசியில மாடிப்படிக்குக் கீழே ரெண்டு கட்டில், வெந்நீர் வர்ற ஒரு பாத்ரூம்னு முடிவாச்சு. எக்ஸ்ட்ரா பைசா வாங்கலை.

அங்கே போனதும் டிரைவர் அண்ணனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். ஃபேனைப் போட்டுப் பார்த்தார், பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தார். "ரூம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ராத்திரி வண்டியை யார் பார்த்துக்கறது?"ன்னார். அப்புறம் அவங்களே பேசி முடிவு பண்ணிக்கிட்டாங்க. மலை ஏறப்போறவர் டிரைவர்ங்கறதால கட்டில் அவருக்கு, வண்டி கிளீனருக்கு. மறுநாள் ராத்திரி வண்டிக்கு வேலை இல்லை. அன்னிக்கு கட்டில் கிளீனருக்கு.