பெரியப்பாவின் மூச்சு வாங்கலுக்கு வயசு காரணமில்லை!

என் பெரியப்பா மாமல்லபுரத்தில் சிற்பி. படியேறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். "வயசாகுதுல்ல கண்ணு" என்று சிரிப்பார். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் எக்கோ எடுத்தபோதுதான், மகாதமனி வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது.

3 முதல் 4 சதுர செ.மீ வரை திறக்கவேண்டிய வால்வு அது. 1 சதுர செ.மீ-க்குக் கீழே போனால் ஆபத்து. அந்தக் குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் இடது கீழறைத் தசை தடித்துவிடும். உளி பிடித்த கை முறுக்கேறினால் பலம்; இதயம் தடித்தால் விறைப்பு. நாளாக ஆக தசைக்குள் தழும்பும் விழும். வால்வை மாற்றினால் தடிப்பு மெல்லக் குறையும். தழும்பு லேசில் போகாது.

அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு ஆபரேஷன். அதுவரை உளியைப் பெரியம்மா ஒளித்துவைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மயக்கம் வருகிறதா? வயசு மேல் பழி போடாமல், உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.