ஒரு புள்ளி

1999 ஆடி மாதம் ஸ்வால்பார்டில், நோர்டன்ஷோல்ட் பனியாற்றின் முன்னால் படகின் மேல்தட்டில் நின்று ஒரு முழு பிலிம் சுருளையும் முடித்தேன். எதிரே நீலம் கலந்த பனிச்சுவர். தலையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பித்தான் அதைப் பார்த்து முடிக்கலாம். படங்கள் கழுவி வந்தபோது சுவரைக் காணவில்லை. கடலுக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடொன்று கிடந்தது.

இருந்ததில் நல்லதை யாழ்ப்பாணத்துக்கு, அம்மாவுக்கு அனுப்பினேன். "இதென்ன தம்பி, ஆனையிறவு உப்புக் குவியல் மாதிரிக் கிடக்கு?" என்று எழுதியிருந்தா.

அம்மாவில் பிழையில்லை. அங்கே மரமில்லை, வீடில்லை, அளவு சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் தூரத்தே உள்ளது மங்கலாகத் தெரியும். அந்த மங்கலை வைத்தே தூரத்தை அறிகிறோம். துருவத்தின் தெளிந்த காற்றில் பல மைல் தள்ளியிருக்கும் மலையும் கிட்ட நிற்பது போலிருக்கும். அகன்ற கோண லென்சைப் போட்டால் எல்லாம் படத்துக்குள் வரும். ஆனால் சிறுத்துப்போய் வரும்.

பிறகு நூலகத்தில் ஹேர்பேட் பொன்டிங்கின் படங்களைப் பார்த்தேன். ஸ்கொட்டின் தென்துருவப் பயணத்தில் கூடப் போனவர். 1911 தை 5 இல் பனிப்பாறைக் குகையொன்றுக்குள் இருந்து அவர் எடுத்த படத்தில், குகை வாயிலருகே இரண்டு மனிதர்கள். அவர்களுக்கு அப்பால், தூரத்தில், டெரா நோவா கப்பல் விளையாட்டுச் சாமான் போல நிற்கிறது. அதே ஆண்டு பார்ன் பனியாற்றுச் சுவரின் முன்னே ஒரு மனிதனை நிறுத்தி எடுத்திருக்கிறார். அவனைத் தேடித்தான் காணவேண்டும். கண்ட பிறகு சுவர் உயரத் தொடங்கும்.

அடுத்த பங்குனியில் மறுபடி போனேன். கமெராவை நண்பனிடம் கொடுத்துவிட்டு, உறைந்த பள்ளத்தாக்கில் மலையடிவாரம் வரை நடந்துபோய் நின்றேன். இந்த முறை மலை மலையாகவே வந்தது. அம்மாவின் பதில்: "மலை பெரிசுதான். உன்ரை முகத்தைக் காணேல்லை. மெலிஞ்சு போனியோ?"

முகம் தெரிய எடுத்தால் மலை போய்விடும். மலை தெரிய எடுத்தால் முகம் போய்விடும். இரண்டையும் ஒரே படத்தில் அம்மாவுக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை.

அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. பின்னர் அக்கா அந்தப் படத்தை அனுப்பியிருந்தா. என்னைச் சுற்றி நீலப் பேனையால் ஒரு சிறு வட்டம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அம்மா முதலில் அந்த வட்டத்தைக் காட்டுவாவாம். மலையைப் பிறகுதான்.