சுண்டிக்குளத்தில் ஒரு கோடு

கிளிநொச்சியிலிருந்து பரந்தனைத் தாண்டி ஆனையிறவுக்குப் போகிறவர்கள் கிழக்கே திரும்பிப் பாருங்கள். சுண்டிக்குளம் வரை நீளும் களப்பு அங்கே விரிந்து கிடக்கும். இரணைமடுவைக் கடந்து வரும் கனகராயன் ஆறு கடைசியில் சேருமிடமும் இதுவே. கரையோரம் கண்டல் காடும் பற்றைக் காடும் உண்டு. மாரி காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் இங்கே வந்திறங்கும். பூநாரை, கூழைக்கடா எல்லாம் காணலாம்.

வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ல் வந்தது. அடுத்த ஆண்டே இவ்விடம் சரணாலயமாயிற்று. 2015ல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது.

பெயர்தானே மாறியது என்று எண்ணிவிடாதீர்கள். சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், அதில் பயிரும் செய்யலாம். வேட்டையாடவும் முட்டை எடுக்கவும் கூடாது. தேசிய பூங்காவோ முழுவதும் அரச காணி. அனுமதிப்பத்திரம் இன்றி உள்ளே கால் வைக்கவும் முடியாது. நேற்றுவரை விறகு பொறுக்கிய இடம், வர்த்தமானியில் விழுந்த ஒரு கோட்டினால் இன்று தடைசெய்யப்பட்ட இடமாகிவிடும்.

கோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பறவைக்குத் தங்க இடமிராது. ஆனால் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பது கரையில் வாழும் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடம்பெயர்ந்து மீண்டவர்களே, காணி உறுதியைப் பத்திரப்படுத்துங்கள். எல்லை எதுவென்று பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். கூட்டில் கை வைக்கக்கூடாதென்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பறவையும் அமானிதம். அந்தக் கரையில் வாழ்வோரின் பிழைப்பும் அமானிதமே.