சட்டை போட்ட அப்சார்பர்கள்

பெட்டாலிங் ஜெயாவின் செக்‌ஷன் 51ஏ பக்கம் ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பாருங்கள். பட்டறைகளில் ஹைலக்ஸ், டிரைட்டன் வண்டிகள் அந்தரத்தில் நிற்கும். குனிந்து பார்த்தால் சில வண்டிகளின் அப்சார்பர்கள் துணிச் சட்டை போட்டிருக்கும். இது பாதுகாப்பா, வெறும் அழகா? காட்டுப் பாதைக்குக் கிளம்பும் நண்பர்களிடையே ஓயாத வாதம் இது.

அப்சார்பரின் உயிர் அதன் பளபளக்கும் எஃகுத் தண்டில் இருக்கிறது. குழிக்குக் குழி அது உருளைக்குள் ஏறி இறங்கும். வாயிலுள்ள சீல் எண்ணெயைக் காக்கும். கல் பட்டுத் தண்டில் ஒரு கீறல் விழுந்தால், அதுவே சீலை அறுக்கும். எண்ணெய் கசிந்தால் வளைவில் வண்டி ஆடும். பிரேக் பிடித்தாலும் நிற்கும் தூரம் கூடும். எனவே, உறை கேட்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆஸ்திரேலியாவின் காய்ந்த சரளைச் சாலைகளில் கல்தான் எதிரி.

நமக்கு எதிரி சேறு. பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில் எழுந்த ஊர். இங்கே மண்ணைத் தார் மூடிவிட்டது. வடக்கே கோல குபு பாருவைத் தாண்டி, பெர்த்தாக் ஒராங் அஸ்லி கிராமத்துப் பக்கம் மண் பாதையில் இறங்கினால் சக்கரம் புதைகிறது. 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியை ஆண்டிறுதி மழைக்காலத்தில் நடத்துவதும் இந்தச் சேற்றை நம்பித்தான்.

துணி உறைக்குள் சேறு எளிதாக நுழையும். எளிதில் வெளியே வராது. ஈர மணல் தண்டோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் அசைவிலும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். துருவும் சேரும். போதாததற்கு, அப்சார்பர் குலுக்கலை வெப்பமாக மாற்றும் கருவி. உருளை முழுவதையும் போர்த்தினால் சூடு தணியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த தூசிக் குழாயைக் கழற்றாதீர்கள். கல் பாதைக்குத் தண்டின் முன்புறத்தை மட்டும் மறைக்கும், பின்புறம் திறந்த தகடு போதும். துணி உறைதான் வேண்டுமென்றால், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அதற்கு நேரமில்லாதவர்கள் உறையே போடாமல், தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவிவிடுவது மேல்.

நமக்கு இது வார இறுதிப் பொழுதுபோக்கு. செம்பனைத் தோட்டத்தின் உள்ளே குடியிருப்பவர்களுக்கோ, பிள்ளையைப் பள்ளிக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டுபோகும் அன்றாடப் பாதை. அவர்களுக்குப் பளபளப்பான உறையைவிட, கசிவை நேரத்தோடு கண்டுபிடிப்பதே முக்கியம்.

வானொலிக்காரியான எனக்குக் காதுதான் முதல் கருவி. குழியில் இறங்கும்போது ‘டொக்’கென்று புதுச் சத்தம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டுங்கள். வண்டி ஆறியதும் அப்சார்பர் உடம்பை விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் பட்டறைக்குப் போக வேண்டும். சட்டை போட்டிருந்தால், அதை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள்.